நெற்றி ஏறினால் மதிப்பு இறங்குமா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் ஆய்வாளராக இருந்த ஆல்பர்ட் மேன்ஸுக்கு முடி கொட்டிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்ததையும் மழித்துவிட்டார். அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்கள் தன்னிடம் சற்று ஒதுங்கி, கூடுதல் மரியாதையோடு நடந்துகொள்வதுபோல் அவருக்குப் பட்டது. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். மேன்ஸ் அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

2012இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று சோதனைகள். முடியுள்ள ஆண்களின் படங்களையும் தலை மழித்தவர்களின் படங்களையும் காட்டி மதிப்பிடச் சொன்னது முதல் சோதனை. ஆனால் ஆளுக்கு ஆள் முகவெட்டு வேறுபடும். மதிப்பெண் கூடியது மொட்டையாலா, மூக்காலா என்று எப்படிச் சொல்வது? அதனால் இரண்டாவது சோதனையில் ஒரே ஆளின் படத்தை இரண்டாக்கினார். ஒன்று உள்ளபடி முடியோடு. மற்றதில் கணினியில் முடியை முழுக்க அழித்தாயிற்று. முகம் அதேதான். முடி நீக்கிய படத்தைப் பார்த்தவர்கள் அந்த ஆள் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடுதல் உயரமாக இருப்பார், 13 சதவீதம் கூடுதல் பலசாலியாக இருப்பார் என்று கணித்தார்கள். அதட்டி வேலை வாங்கக்கூடிய ஆள் என்ற எண்ணமும் கூடியது. மூன்றாவதில் படமே இல்லை, சொற்களால் வருணனை மட்டும்: அடர்ந்த முடிக்காரர், முடி மெலிந்துவருபவர், முழுக்க மழித்தவர். அதில் அடிபட்டவர் நடுவில் நின்றவர்தான். முடி மெலிந்துவருபவருக்கே ஆகக் குறைவான மதிப்பு கிடைத்தது.

பத்திரிகைகள் இதில் உயரத்தையும் பலத்தையும் பிடித்துக்கொண்டன. மொட்டை அடித்தால் கம்பீரம் என்று உலகமெங்கும் தலைப்புகள் வந்தன. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு முடிவும் அதே இரண்டாவது சோதனையில் உண்டு. முடி நீக்கப்பட்ட அதே ஆட்களை, பார்த்தவர்கள் வயது கூடியவர்களாகவும் கவர்ச்சி குறைந்தவர்களாகவும் மதிப்பிட்டிருந்தார்கள்.

ஆக இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒருவரைப் பார்த்துப் பணிவதும், அவர்மீது ஆசை கொள்வதும் மனத்தின் ஒரே மூலையில் நடப்பதில்லை. அலுவலகத்திலோ கட்சி மேடையிலோ முதல் கணக்கு உதவும். துணை தேடும் இடத்தில் முதலில் திறக்கப்படுவது இரண்டாவது கணக்கு. வழுக்கை ஆண்களுக்கு ஆறுதல் சொல்லும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்து குழப்பிவிடுகின்றன. 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகியைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும்வரை நாயகனுக்கு நிறைய முடி. எதிரிகளை அடக்கி ஆள வரும்போதுதான் மொட்டை பாஸ். திரைக்கு வெளியே விக் இல்லாமல், வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாகக் கூச்சமின்றி வந்துபோகும் ஒரு நட்சத்திரத்துக்கே டூயட் என்று வந்தால் முடி தேவைப்படுகிறது. படத்தை இயக்கிய ஷங்கர் மேன்ஸின் ஆய்வைப் படித்திருக்க வழியில்லை, அது ஐந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது.

மேன்ஸுக்கு இருபத்திரண்டு ஆண்டு முன்பே இந்த இரண்டாவது கணக்கைத் தீவிரமாகப் பார்த்தவர் தாமஸ் கேஷ். வர்ஜீனியா மாநிலத்தின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக உளவியலாளர். உடல் தோற்றம் குறித்த மன பிம்பத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். வழுக்கை விழுந்த ஆண்களையும் விழாத ஆண்களையும் வயது போன்றவற்றில் ஜோடி சேர்த்து, அவர்களின் படங்களைக் காட்டி முதல் அபிப்பிராயத்தைக் கேட்டார். 1990இல் வெளியான முடிவு வழுக்கைக்காரர்களுக்கு இனிப்பாக இல்லை. அழகில் மட்டுமல்லாமல், பழகப் பிடிக்குமா என்பதிலும் அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. வயதும் கூட்டியே கணிக்கப்பட்டது. மதிப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பெண்கள்தான் முடியைப் பார்த்து ஆளை எடைபோடுகிறார்கள் என்ற புகார் அங்கேயே அடிபடுகிறது. ஆண்களும் அதே தராசைத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் வாசிப்பில் இந்தச் சரிவின் பெரும்பகுதி அழகு சார்ந்ததே அல்ல, வயது சார்ந்தது. ஆய்வுக்கு ஆய்வு தவறாமல் வரும் ஒரு முடிவு, வழுக்கை ஒருவரை மூப்பாகக் காட்டுகிறது என்பது. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 122 பேரிடம் இணையம் வழியாகப் படங்களைக் காட்டினார்கள். முடி மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் முன், பின் படங்களும், செய்துகொள்ளாத சிலரின் படங்களும் கலந்திருந்தன. அறுவைக்குப் பிந்தைய படத்தில் ஒருவர் சராசரியாக 3.6 ஆண்டு இளமையாகத் தெரிந்தார். கவர்ச்சி, வாழ்க்கையில் வெற்றி பெற்றவர் என்ற தோற்றம், அணுகிப் பேசலாம் என்ற எண்ணம் எல்லாமே கூடின. முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர்கள் தங்கள் துறை இதழிலேயே வெளியிட்ட ஆய்வு என்பதால் கொஞ்சம் உப்பு சேர்த்தே விழுங்க வேண்டும். ஆனாலும் அந்த 3.6 என்ற எண் எனக்கு நம்பத்தகுந்ததாகவே படுகிறது, அது மிகச் சிறியது என்பதால். லட்சக்கணக்கில் செலவழித்து, தலையின் பின்புறத்திலிருந்து ஒவ்வொரு வேராகப் பிடுங்கி முன்னே நட்டு வாங்குவது நாலு வருஷம்கூட இல்லை. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அது ஒன்றுமே இல்லை; இருபத்தேழு வயதுக்காரருக்குத்தான் அது முப்பது என்ற கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி. முடி கொட்டும் ஆண்களின் மனநிலையை அளந்த ஆய்வுகளிலும் அதிகம் நொந்துபோகிறவர்கள் இளைஞர்களே. ஐம்பதில் வழுக்கை வயசுக்கு ஏற்றது. இருபத்தைந்தில் அது காலத்துக்கு முன்னால் வந்து நிற்கும் விருந்தாளி.

மூப்பு என்றாலே நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. 1996இல் ஃபிராங்க் மஸ்கரெல்லாவும் மைக்கேல் கன்னிங்ஹாமும் தலைமுடியில் மூன்று நிலை (நிறைய, ஏறு நெற்றி, முழு வழுக்கை), முகத்தில் இரண்டு நிலை (தாடி மீசையோடு, மழுங்கச் சிரைத்து) என்று வைத்துச் சோதித்தார்கள். முடி குறையக் குறையக் கவர்ச்சி இறங்கியது. வயதும், அவர்கள் ‘சமூக முதிர்ச்சி’ என்று அழைத்த பக்குவமும் ஏறின. முரட்டுத்தனம் குறைந்து தெரிந்தது. தாடி நேர் எதிராக வேலை செய்தது: முரடாகக் காட்டியது, பக்குவத்தைக் குறைத்தது. அடிதடிக்குப் போகாத, மதிக்கத்தக்க மூத்தவன் என்ற அறிகுறியாகவே வழுக்கை பரிணாமத்தில் நிலைத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஊகமாகவே அது இருக்கட்டும். பரிணாமக் கதைகளை யார் வேண்டுமானாலும் பின்னலாம். ஆனால் மழித்த தலை அதட்டலாகவும், தானாக விழுந்த வழுக்கை சாந்தமாகவும் தெரிகிறது என்று இரு ஆய்வுகளையும் சேர்த்து வாசிக்க இடமிருக்கிறது. சொட்டை விழுந்தால் பணம் சேரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் தேற்றுவதிலும் இதே கணிப்பின் சாயல் உண்டு. வசதி, பொறுப்பு, நிதானம் எல்லாம் அந்த நெற்றியில் எழுதியிருப்பதாக அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் நல்லதுதானே என்று பெண்ணின் அப்பாவுக்குத் தோன்றலாம். பெண்ணுக்குத் தோன்ற வேண்டுமே.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும். வழுக்கைக்காரனுக்கு ஆண்மை அதிகம் என்பார்கள். அதற்கு ஒரு பாதி உண்மை அடித்தளம் உண்டு. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1942இல் காட்டியது இது: பருவம் அடையும் முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை, ஆண் ஹார்மோன் கொடுத்தால் பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தொடங்கிவிடுகிறது. ஹார்மோன் இருந்தால்தான் வழுக்கை, சரி. ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் வழுக்கை என்பது அதிலிருந்து வரவில்லை. முடிவேர்கள் அந்த ஹார்மோனுக்கு எவ்வளவு சீக்கிரம் சுருங்கிப்போகின்றன என்பதே வித்தியாசம், அதைத் தீர்மானிப்பது மரபணு. 2017இல் பிரிட்டனில் 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தரவை அலசியபோது வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் 40 எக்ஸ் குரோமோசோமில், அதாவது ஆணுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வருவதில். தாய்மாமன் தலையைப் பார்த்துப் பயப்படுகிற பையன்கள் முழுத் தவறு செய்யவில்லை. ஆண்மைக் கூற்றை 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். வழுக்கைக்காரர்கள் மற்றவர்களைவிட வீரியம் மிக்கவர்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

நாட்டுக்கு நாடு இந்த வலி கூடும் குறையும். வெள்ளையரில் ஐம்பது வயதுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஓரளவாவது வழுக்கை உண்டு. தென் கொரியாவில் 2001இல் வெளியான கணக்கெடுப்பில் ஆண்களில் 14.1 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. குறைவாக இருக்கும் இடத்தில் கவலையும் குறையும் என்று நினைப்போம். நடப்பது மறுபக்கம்: எல்லார் தலையிலும் அடர்ந்த கறுப்பு முடி இருக்கும் ஊரில் ஒருவர் மட்டும் தனித்துத் தெரிகிறார். வழுக்கை இல்லாத ஆண்களையும் பெண்களையும் கேட்டு 2002இல் வெளியான கொரிய ஆய்வில் மிகப் பெரும்பாலோர் வழுக்கைக்காரர் மூப்பாகத் தெரிகிறார், கவர்ச்சி குறைவு என்றார்கள். வேலை விண்ணப்பத்தோடு புகைப்படம் வைப்பது வழக்கமாக இருந்த நாடு அது. 2022 அதிபர் தேர்தலில் முடி உதிர்வு சிகிச்சையைத் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று வேட்பாளர் லீ ஜே-மியுங் சொன்னது முக்கியத் தேர்தல் பேச்சாகவே ஆனது.

இந்தியாவில் விஷயம் வெட்டவெளிச்சமாகும் இடம் பெண் பார்க்கும் படலம். 2017இல் ராஜ் பி. ஷெட்டி இயக்கி நடித்த கன்னடப் படம் ‘ஒந்து மொட்டெய கதெ’. நாயகன் மங்களூர் கல்லூரியில் கன்னடம் கற்பிக்கும் இருபத்தெட்டு வயது விரிவுரையாளர், வழுக்கையால் பெண் அமையாமல் தவிப்பவர். அதை இந்தியில் ‘உஜ்டா சமன்’ என்று எடுத்தார்கள். 2019 நவம்பரில் அதுவும், அதே சிக்கலைச் சொல்லும் ஆயுஷ்மான் குரானாவின் ‘பாலா’வும் ஒரு வார இடைவெளியில் வெளியாகின. ‘பாலா’வில் நாயகன் விக் வைத்து மறைத்தே கல்யாணம் செய்துகொள்கிறான், தெரிந்ததும் மனைவி விலகிப் போகிறாள். படம் வந்து ஓராண்டுக்குள் மும்பையை அடுத்த மீரா ரோட்டில் ஒரு பெண், கணவர் வழுக்கையை மறைத்து மணந்துவிட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தது செய்தியானது. கதையிலும் சரி, புகாரிலும் சரி, கோபம் வழுக்கைமீது மட்டும் இல்லை. ஒளித்து வைத்ததன்மீதுதான் கூடுதல்.

ஒளிப்பதற்கு நம்மிடம் பழைய கைத்தொழிலே இருந்தது. ஜாதகத்தோடு கொடுக்கும் போட்டோவுக்கு ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்தால், முன்நெற்றி ஏறிய பையனின் தாடையைப் போட்டோகிராபர் விரலால் லேசாகத் தூக்கிவிடுவார். கேமராவைக் கண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறக்குவார். உச்சி படத்துக்கு வெளியே போய்விடும். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் அணைத்துவிடுவார். சொட்டையைக் காட்டிக்கொடுப்பது மேலிருந்து விழும் வெளிச்சம்தான். மீதி இருந்தால் டச்சப். கருவிழி அளவு துணுக்குகளாகக் கறுப்பைத் தடவித் தடவி நெற்றியின் விளிம்பைக் கீழே கொண்டுவருவது தனி வித்தை. தரகர் தன் பங்குக்கு, பையனுக்கு முடி கொஞ்சம் கம்மி, மத்தபடி குறையே இல்லை என்பார். பெண் வீட்டார் நேரில் வந்த அன்று மின்விசிறியின் கீழே மாப்பிள்ளையை உட்காரவைக்கக் கூடாது என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

இந்தப் போட்டோவில்தான் ஆய்வுகளின் சூட்சுமமே இருக்கிறது. கேஷ், மஸ்கரெல்லா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், எல்லாரும் அளந்தது ஒரே பொருளை: அசையாத, பேசாத, அறிமுகமில்லாத முகத்தின் படம், சில நொடிப் பார்வை, உடனே ஒரு மதிப்பெண். மேன்ஸின் சொல் வருணனைகூட முன்பின் தெரியாத ஆளைப் பற்றியதுதான். குரல் இல்லை, நகைச்சுவை இல்லை, வாசனை இல்லை. உளவியல்காரர்கள் இதைத் தங்கள் முறையின் குறை என்று பணிவோடு ஒப்புக்கொள்வது வழக்கம். நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் இப்படிச் சந்திப்பதில்லை என்பார்கள். 1990இல் அது சரி. மேன்ஸின் ஆய்வு வெளிவந்த அதே 2012இல் துணை தேடும் செயலியான டிண்டர் வந்தது. அதன் பிறகு கோடிக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பதே அசையாத, பேசாத, அறிமுகமில்லாத படமாகத்தான். விரலால் இடப்பக்கம் தள்ளினால் போயிற்று. ஆய்வுக்கூடத்தின் செயற்கை நிபந்தனை அப்படியே வாசலாகிவிட்டது. வழுக்கையின் விலை இன்று கூடியிருக்கிறது என்றால் பெண்களின் ரசனை மாறியதால் அல்ல. அந்த விலை அதிகம் வசூலாகும் சுங்கச்சாவடியில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தியதால். நம் கல்யாணச் சந்தை இதில் உலகத்துக்கே முன்னோடி. போட்டோவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் முறை, செயலிகள் பிறக்குமுன்பே நம் தரகர்களின் தோல்பையில் இருந்தது.

வாசலுக்கு உள்ளே போனால் விதி வேறு. 2008இல் பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் இருவரும் வேகச் சந்திப்பு நிகழ்ச்சி நடத்தி, எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தார்கள். பிறகு சில நிமிட உரையாடலுக்குப் பின் யாரைப் பிடித்தது என்று பார்த்தார்கள். காகிதத்தில் எழுதிய விருப்பத்துக்கும், எதிரே உட்கார்ந்த ஆள்மீது வந்த விருப்பத்துக்கும் சொல்லும்படியான தொடர்பில்லை. ‘முடி நிறைய இருக்கணும்’ என்று ஒரு பெண் சொல்வதும், முடியில்லாத ஒருவரோடு அரை மணி நேரம் சிரித்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பதும் ஒரே ஆளிடம் நடக்கும்.

மருந்துக்கடை இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையாக வந்த மினாக்சிடில், சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்த்ததால் தலையில் தடவும் மருந்தாகி 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபினாஸ்டரைடின் கதை டொமினிகன் குடியரசில் தொடங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனை வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த குடும்பங்களை அங்கே 1970களில் மருத்துவர்கள் கண்டார்கள். அந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் பெருக்கவில்லை, முன்நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை புராஸ்டேட்டுக்கென 1992இலும், குறைந்த அளவில் முடிக்கென 1997இலும் வந்தது. பலருக்கு வேலை செய்கிறது. ஆனால் மருந்துச் சோதனையில் மாத்திரை எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் பாலியல் தொடர்பான பக்கவிளைவு பதிவானது. வித்தியாசம் சிறியதுதான். இருந்தாலும் ஒரு பெண்ணை ஈர்ப்பதற்காகச் சாப்பிடும் மாத்திரை, ஈர்த்த பிறகு காலை வாரிவிடக்கூடும் என்பது ஆண்கள் மருத்துவரிடம் போய்க் கேட்கத் தயங்கும் விஷயம். கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

மாத்திரை வேண்டாதவர்களுக்கு மேன்ஸின் மூன்றாவது சோதனையே வழிகாட்டி. மிக மோசமான மதிப்பு கிடைத்தது இரண்டுங்கெட்டான் நிலைக்கு. இந்தக் காதோரத்து முடியை வளர்த்து அந்தக் காதுவரை இழுத்து ஒட்டவைப்பவர், காற்றடிக்கும் திசையைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும். ஜூலியஸ் சீசரும் உச்சி முடியை முன்னுக்கு வாரிக்கொண்டவர்தான்; செனட் தந்த கௌரவங்களிலேயே எப்போதும் வாகைமாலை சூடிக்கொள்ளும் உரிமை அவருக்கு மிகவும் பிடித்திருந்ததாக சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். காலியா வெற்றி ஊர்வலத்தில் அவருடைய சிப்பாய்களே, வழுக்கைத்தலையன் வருகிறான், மனைவிமாரைப் பத்திரப்படுத்துங்கள் என்ற பொருளில் கேலிப்பாட்டு பாடினார்கள். அந்தப் பாட்டில் வழுக்கை ஒரு தடையாகவே வரவில்லை.

சீசரின் அதிகாரம் எல்லாருக்கும் வாய்க்காது. சாதாரண ஆண்களுக்குப் பயன்படக்கூடியது 2015இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லூசி ஹன்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 167 ஜோடிகளைப் படம்பிடித்து, ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் வாங்கினார்கள். பழகாமலே காதலில் இறங்கிய ஜோடிகளில் இருவரின் அழகும் ஏறத்தாழ சமமாக இருந்தது. அழகான ஆள் அழகான ஆளையே பிடித்திருந்தார். காதலிக்குமுன் பல மாதம் நண்பர்களாகவோ தெரிந்தவர்களாகவோ இருந்தவர்களிடம் அந்தச் சமம் தளர்ந்திருந்தது. ஆய்வில் முடி தனியாக அளக்கப்படவில்லை, தோற்றம் மொத்தமாகத்தான். ஆனாலும் முப்பதைத் தொடாமலே நெற்றி ஏறிவிட்ட ஒருவர், செயலியில் தொப்பி போட்ட படத்தை ஏற்றிவிட்டுக் காத்திருப்பதைவிட, அலுவலகத்திலும் நண்பர் வட்டத்திலும் புத்தகக் கண்காட்சிக் குழுவிலும் வாரா வாரம் கண்ணில் படுகிற ஆளாக இருப்பதில் வாய்ப்பு அதிகம் என்று அதிலிருந்து கணக்குப் போடலாம். செயலியில்தான் தேடுவேன் என்பவர், தொப்பியில்லாத, மழித்த தலைப் படத்தையே முதல் படமாக வைக்கட்டும். சில இடப்பக்கத் தள்ளல்கள் கூடும். நேரில் வந்து உட்காரும் பெண்ணுக்கு ஏமாந்தோம் என்ற எண்ணம் வராது.